இடது காதுக்கு மேல் ஒரு முடிச்சு!

காலை பத்து மணி.

மேஜையில் கிடந்த செல்போன் அலறியது.

திரையைப் பார்த்த தலைவரின் கையிலிருந்து காப்பிக் கோப்பை நழுவி விழுந்து உடைந்தது.

'பேராசிரியர்' என்றது திரை.

அதே மேஜையில், விரித்து வைத்த பேப்பரின் ஏழாம் பக்கத்தில், அதே பேராசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே இரண்டே வார்த்தை.

'நேற்று காலமானார்.'

எப்படிக் காலமானார் என்பது உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று தலைவர் நினைத்திருந்தார்.

"தலைவரே... எடுக்கலையா?" உடைந்த சில்லுகளைப் பொறுக்கியபடி கேட்டார் உதவியாளர். எதைச் சொன்னாலும் "ஆமாம்" என்று குத்திவிடுவதால் கட்சியில் அவருக்கு 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று பெயர்.

"நீ வெளியே போ!"

"ஆமாம் தலைவரே, போறேன்."

கதவு சாத்திக்கொண்டது. தலைவர் பச்சைப் பொத்தானைத் தொட்டார்.

"ஹ... ஹலோ?"

"வணக்கம். புத்தகத்துக்காகச் சரிபார்க்கக் கூப்பிடறேன். அஞ்சே கேள்விதான். நிஜம் சொன்னா ரெண்டு நிமிஷம். பொய் சொன்னா ரொம்ப நாளாகும்."

அதே குரல்! அதே கனைப்பு! வாக்கியம் முடிந்ததும் மூக்கை உறிஞ்சுகிற அதே பழக்கம்!

"யா... யாரு நீ?"

பதில் இல்லை. ஒரு சின்ன இடைவெளி.

"முதல் கேள்வி. மேடைப் பேர் வேணாம். பெத்தவங்க வெச்ச பேர் என்ன?"

தலைவர் சொன்னார். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். வாய் சொல்லிவிட்டது.

"ரெண்டாவது. கட்சிக்கு வர்றதுக்கு முன்னால என்ன தொழில்?"

"ஆ... ஆசிரியர்."

"சரி. மூணாவது. எந்த இடத்துல? எத்தனை வருஷம்?"

"ப... பன்னிரண்டு..."

"நாலாவது. நீங்க வேலை பார்த்ததை நேர்ல பார்த்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

உயிரோட!

தலைவர் போனை விசிறியடித்தார். அது சோபாவில் விழுந்து, குப்புறக் கிடந்தது... நேற்றைய தலையணை மாதிரி.

*

பேராசிரியர் அரசியல் படித்தவர். அரசியல்வாதிகளை அதைவிட நன்றாகப் படித்தவர். ஒன்பது வருடமாக ஒரே புத்தகம். 'கட்சிக்கு முன்னால்!'

கட்சிப் பிரமுகர்கள், கொள்கை விளக்க அறிஞர்கள் என்று முந்நூறு பேர். வெள்ளை வேட்டிக்கும் வெள்ளைத் தாளுக்கும் வருவதற்கு முன் யார் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்கிற பட்டியல். பொருளாதார மேதை என்று பேர் வாங்கியவர் சர்க்கஸில் டிக்கெட் கிழித்தவர். அரசியல் தத்துவம் நானூறு பக்கம் எழுதியவர் வீடு வீடாகச் சோப்பு விற்றவர். தன்னையும் விடவில்லை மனிதர். முதல் பக்கத்திலேயே, 'தொகுப்பாசிரியர்: ஏழு வருடம் தபால் பிரித்தவர்' என்று போட்டிருந்தார்.

நம் தலைவரின் சரக்கு ஒன்றே ஒன்றுதான். ஆசிரியர்! ஊரெல்லாம் போஸ்டர். கையில் சாக்பீஸ், பின்னால் கரும்பலகை. 'பாடம் நடத்தியவர் நாட்டை நடத்துவார்!' இன்று மாலை நாலு மணிக்குப் பொதுக்குழு. கட்சித் தலைமை அவர் மடியில் விழவேண்டிய நேரம்.

நேற்று பதினோரு மணிக்குச் சற்று முன்னால், பேராசிரியரின் அறையில்...

"ஆஸ்பத்திரிப் பிணவறையில பன்னிரண்டு வருஷம். உங்ககூட வேலை பார்த்தவரே சொல்லிட்டார். அப்புறம் என்ன ஆசிரியர்?"

"சார்... 'மருத்துவத் துறை'ன்னு பொதுவா போட்டுக்கலாமே?"

"முடியாது."

"'சுகாதாரப் பணி'?"

"ம்ஹூம்."

"சரி, பன்னிரண்டை ரெண்டாக்குங்க. ரெண்டு வருஷம்னா ஏதோ வயசுக் கோளாறுன்னு விட்டுடுவாங்க!"

பேராசிரியர் சிரித்தார். "இது ஒரே விலைக் கடை தம்பி. பேரம் கிடையாது. அதுல என்ன வெட்கம்? உங்க கட்சியில இருக்கிற மத்தவங்க உயிரோட இருக்கிறவங்களையே ஒழுங்கா கவனிச்சது கிடையாது."

தலைவர் படியிறங்கினார். கார்க் கதவைத் திறந்தார். மூடினார். தெருமுனை வரை நடந்தார். திரும்பி வந்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

கதவு திறந்தே இருந்தது. சாய்வு நாற்காலியில் பேராசிரியர் கண்ணயர்ந்திருந்தார். மேஜையில் தலைவரைப் பற்றி எழுதிய நாலு தாள்கள்.

பக்கத்தில் ஒரு தலையணை...

அமுக்கினார்!

கிழவர் ஒரு துள்ளல்கூடத் துள்ளவில்லை. கையைக்கூட உயர்த்தவில்லை. போராடத் தெம்பில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் தலைவர்.

அதற்கப்புறம் இரண்டு நிமிடம்... என்ன செய்தார் என்று இன்றுவரை அவருக்கே நினைவில்லை. கைகள் மட்டும் ஏதோ செய்துகொண்டிருந்தன. சுயநினைவு வந்தபோது காரில் இருந்தார்.

வீட்டில் தாள்களைக் கொளுத்தும்போதுதான் எண்ணிப் பார்த்தார்.

மூன்று தாள்தான் இருந்தது.

நாலாவது எங்கே?

*

மதியம் ஒரு மணிக்குப் பேராசிரியர் வீட்டு வாசலில் கார் நின்றது. மலர்வளையம் தலைவர் கையில். கண்கள் மட்டும் அறை அறையாகத் தேடின.

மேஜைமேல் இல்லை. நாற்காலிக்கு அடியில் இல்லை. புத்தக அலமாரி இடுக்கில்...

"என்ன தேடறீங்க ஐயா?"

திடுக்கிட்டுத் திரும்பினார். பேராசிரியரின் மகள். அப்பாவின் புத்தகத்துக்கு ஒன்பது வருடமாகச் சரிபார்க்கிற வேலை இவளுக்குத்தான். அழுது சிவந்த கண்கள்.

"ஒண்ணுமில்லம்மா... கண்ணு கலங்கிருச்சு. கைக்குட்டை..."

"கைக்குட்டை உங்க கையிலதான் இருக்கு."

கூடத்தில் யாரோ ஒருவன் சத்தமில்லாமல் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் மகள். அவன் தலையசைத்துவிட்டு அடுத்த நாற்காலியை விரித்தான்.

"டாக்டர் என்னம்மா சொன்னார்?"

"மாரடைப்பு. எழுதியே குடுத்துட்டாங்க."

தலைவருக்கு மூச்சு வந்தது. கூடவே ஒரு வாசனையும் வந்தது. பன்னிரண்டு வருடம் சோற்றிலும் சட்டையிலும் ஒட்டியிருந்த மருந்து வாசனை! பழைய சிநேகிதன் மாதிரி மூக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்பாவோட போன் எங்கம்மா?"

"டிராயர்ல. பூட்டியிருக்கு. சாவி அப்பாகிட்டதான் இருக்கும்."

தலைவரின் முதுகில் வேர்வை கோடு போட்டது.

"காலையில... யாருக்காவது அதுலேர்ந்து போன்..."

"பூட்டின டிராயர்லேர்ந்து யாருங்க ஐயா போன் பண்ணுவாங்க?"

தலைவர் பேராசிரியரைப் பார்த்தார். வெள்ளைத் துணிக்குள் கழுத்துவரை மூடிக் கிடந்தார். தாடையைச் சுற்றி ஒரு துண்டு, தளர்ந்து தொங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது... அடுத்த கேள்வியைக் கேட்கப்போகிற மாதிரி!

"ஐயா..." மகளின் குரல் உடைந்தது. "அந்தக் கட்டு நழுவிக்கிட்டே இருக்கு. எனக்குக் கட்டத் தெரியலை. அப்பா வாய் இப்படித் திறந்து கிடக்கிறதைப் பார்க்கவே முடியலை. கொஞ்சம் ஒரு கை குடுக்கிறீங்களா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வாசலில் நாலு பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நிற்கிறார்கள்.

குனிந்தார்.

இடது உள்ளங்கை தாடையைத் தூக்கியது. வலது கை துண்டை ஒரே சுற்றில் கொண்டுவந்தது. துண்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்று வழுக்கி விழுந்தது. கண் அதைப் பார்ப்பதற்குள் விரல்கள் எடுத்தன, நாலாக மடித்தன, கட்டு அழுத்தித் தழும்பு விழாமல் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே செருகின. இடது காதுக்கு மேல் ஒரு முடிச்சு.

மூன்றே விநாடி!

முடித்த பிறகுதான் அந்தக் காகிதத்தின் ஓரத்தில் அச்சாகியிருந்த பெயரைப் படித்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர். அவருடையது.

நாலாவது தாள்!

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மெல்ல உருவினார்...

"அது ஜெராக்ஸ்தான் சார். வெச்சுக்குங்க" என்றான் நாற்காலி போட்டவன். "ஒரிஜினல் ஸ்டேஷன்ல இருக்கு."

"நீ... நீங்க?"

"இன்ஸ்பெக்டர். வேணும்னா என் தொழிலையும் சரிபார்த்துக்கலாம்."

மகள் தன் போனை நீட்டினாள். திரையில் ஒரு படம்.

"நேத்து பன்னிரண்டு மணிக்கு நான் வந்தப்போ எடுத்தது. அப்பா தாடையில துண்டு. அடியில மடிச்ச காகிதம். இடது காதுக்கு மேல முடிச்சு. மாரடைப்பு வந்தவர் தன் தாடையைத் தானே கட்டிக்குவாராய்யா?"

தலைவரின் கண்கள் தன் கைகளுக்கு இறங்கின. பன்னிரண்டு வருடம் சோறு போட்ட கைகள். நேற்றும் அவரைக் கேட்காமலே வேலை பார்த்துவிட்ட கைகள்!

அந்த நேரம் அவருடைய சட்டைப் பையில் செல்போன் அலறியது.

'பேராசிரியர்.'

அவர் எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டரே பையிலிருந்து உருவி, ஸ்பீக்கரைத் தட்டினான்.

கனைப்பு. மூக்குறிஞ்சல்.

"அஞ்சாவது கேள்வி. இதுவரைக்கும் சொன்னதுல எதையாவது மாத்தணுமா?"

எதிரே கிடந்தவரின் வாய் இறுக மூடியிருந்தது. தலைவரே கட்டிய கட்டு. குரல் மட்டும் வந்தது.

"மாத்தணும்!" தலைவர் கதறினார். "மாத்தணும் சார்! நான் ஆசிரியர் இல்ல! சாக்பீஸ்கூட போட்டோக்காரன் குடுத்தது! பிணவறைதான்! பன்னிரண்டு வருஷம்! நான்தான் அமுக்கினேன்! தலையணையை வெச்சு நான்தான் உங்களை அமுக்கிக் கொன்னேன்!"



மகளும் இன்ஸ்பெக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னங்க... இவர் என்ன சொல்றார்?"

"தலையணையா?" இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினான். "சார், நாங்க தேடினது மூணு தாளைத் திருடின ஆளை! கொலைன்னு யாருய்யா சொன்னது?"

"எ... என்ன?"

"பதினொன்னு அஞ்சுக்கு அப்பா எனக்குப் போன் பண்ணார்" என்றாள் மகள். "நெஞ்சு அடைக்குதும்மான்னார். பாதியிலேயே பேச்சு நின்னுபோச்சு. நான் பஸ் பிடிச்சு வந்து சேர்றதுக்குப் பன்னிரண்டாயிடுச்சு. ஆஸ்பத்திரியில அறுத்துப் பார்த்தும் மாரடைப்புன்னுதான் சொல்றாங்க. நீங்க எத்தனை மணிக்குத் திரும்பி வந்தீங்க?"

"ப... பதினொன்னு இருபது..."

"அப்ப அவர் போய்க் கால் மணி நேரமாச்சு!"

தலைவரின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஊறியது.

"அப்போ நான்... கொலைகாரன் இல்ல?"

"இல்ல."

"அப்போ நான்... நாலு மணிக்கு... பொதுக்குழு..."

இன்ஸ்பெக்டர் வாசல்பக்கம் கண்ணைக் காட்டினான். நாலு கேமராக்களும் ஜன்னல் கம்பிகளுக்குள் மூக்கை நுழைத்திருந்தன. கதறல் முழுக்கப் பதிவாகியிருந்தது.

"பொதுக்குழு நீங்க இல்லாமலே பார்த்துக்கும். திருட்டுக்கும் ஆவணத்தை எரிச்சதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. செத்தவரைக் கொலை பண்ணினதுக்கு என்ன பிரிவுன்னுதான் வக்கீல்கிட்ட கேட்கணும்."

"அந்தக் குரல்... அது எப்படி?"

"அப்பா எல்லாருக்கும் ஒரே அஞ்சு கேள்வி, ஒரே வரிசை. கேட்டதெல்லாம் பதிவு பண்ணி வெப்பார்" என்றாள் மகள். "பதிலை அழிச்சுட்டுக் கேள்வியை மட்டும் ஓட்டினேன். டிராயரைப் பூட்டலை, அப்பா போன் இப்பவும் என் முந்தானைக்குள்ளதான் இருக்கு. நீங்க இவ்வளவு வருஷம் சொன்ன பொய்க்கு நான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன்."

அவள் அந்த ஜெராக்ஸைப் பிரித்தாள். படித்தாள்.

"'பிணவறை ஊழியர். பன்னிரண்டு ஆண்டுகள். முடிச்சை எப்போதும் இடது காதுக்கு மேல் போடுவார். தோலில் தழும்பு விழாமல் காகிதம் மடித்து வைப்பார் என்று உடன் பணியாற்றியவர் சொல்கிறார். இந்நூலில் உள்ள முந்நூறு பேரில், வேலையை ஒழுங்காகச் செய்தவர் என்று சக ஊழியரே சாட்சி சொன்னது இவர் ஒருவருக்குத்தான்.'"

தலைவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாலாவது தாளைப் படிக்காமலேதான் அவர் நேற்று பேரம் பேசியிருந்தார்.

"இது அப்படியே அச்சுக்குப் போகும்" என்றாள் மகள், தாளை மடித்தபடி. "அப்பா எழுதினதுல ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்."

தலைவருக்கு விலங்கை மாட்டிக்கொண்டே இன்ஸ்பெக்டர் சொன்னான்.

"எழுத்தை மாத்த வேணாம்மா. ஆனா அந்தப் பன்னிரண்டு வருஷ அனுபவத்தை மட்டும் மறுபடி ஒரு தரம் சரிபார்த்துடு. செத்தவர் யாரு, தூங்கறவர் யாருன்னே ஐயாவுக்குத் தெரியலையே!"