மஞ்சள் வைத்த அட்டைகள்

"ஐயோ... நிப்பாட்டுங்க! கருகுது!"

நிலூஷா கத்திய வேகத்தில், லேசர் இயந்திரத்தின் முன்னால் நின்றவன் திடுக்கிட்டுப் பொத்தானை அமுக்கினான். கண்ணாடி மூடிக்குள் சின்னதாய் ஒரு சுடர் எழுந்து அணைந்தது.

அக்கா சர்மிளாவின் கல்யாண அட்டை. முகப்பில் வெட்டிய மயிலைச் சுற்றிப் பழுப்பு... தோகை நுனியில் கன்னங்கரேலென்று கறுப்பு!

நாளைக் காலையில் மாப்பிள்ளை வீட்டார் கலஹாவில் அவர்கள் வீட்டுக்கு வந்து அட்டைகளை வாங்கிப் போவார்கள். மாப்பிள்ளையின் அத்தை கமலம் முதலிலிருந்தே இந்தச் சம்பந்தத்தில் குறை தேடுகிறவள். கருகிய அட்டையைக் கண்டால் 'அபசகுனம்' என்ற ஒரு வார்த்தை போதும்... அக்காவின் கல்யாணமே நின்றுவிடும்.

"உங்களுக்கு வேல தெரியுமா, தெரியாதா?" அவள் குரல் உடைந்தது.

"தெரியாட்டி பேராதனையில கடை போட்டிருப்பனோ? நம்பிக்கையில்லையெண்டா வேற இடத்துக்குக் கொண்டு போங்கோ." யாழ்ப்பாணத் தமிழ். முறைத்தான்.

எங்கே போவது? வெளியே மழை கொட்டுகிறது. கண்டியில் வழக்கமான கடை பூட்டிக் கிடந்ததால்தான் இங்கே ஓடி வந்தாள். அட்டைக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனாள்... கால் நகரவில்லை. கண்கள் நிறைந்தன.

'அழாதடி... இவன் முன்னாடி அழாத!'

அவன் அதைப் பார்த்துவிட்டான். குரல் இறங்கியது. "கொஞ்சம் பொறுங்கோ. ஒருக்கா தாங்கோ பாப்பம்."

ஒரு அட்டையை மேசையில் வைத்தான். அது படகு மாதிரி வளைந்து நின்றது. மூலையைத் தடவிய அவன் விரல் மஞ்சளானது.

"இது என்ன?"

"மஞ்சத் தண்ணி... நல்ல காரியமாச்சே. வெட்டுறதுக்கு முன்னாடியே நாலு மூலையிலயும் தடவிட்டேன்."

"எல்லாத்துக்குமோ?"

அவள் தலை குனிந்தாள்.

"அதுதான் பாருங்கோ! ஈரத்தில அட்டை நெளிஞ்சு போச்சு. மேடான இடத்தில லேசர் குவியாமப் பரவி எரிக்குது. பிழை என்ர மெஷின்ல இல்லை."

"அப்ப... தப்பு என்னோடதா?"

"மஞ்சளோடது எண்டு வைப்பம்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சே, இந்த நேரத்திலா!

டீ-ஷர்ட்டுக்குப் படம் ஒட்டும் சூட்டுத் தட்டைத் திறந்தான் அவன். வெள்ளைத் தாளுக்கு நடுவே ஒவ்வொரு அட்டையாய் வைத்து அவள் மெல்ல அழுத்தினாள். ஈரம் போய், அட்டை தட்டையாய் வந்தது. அவன் அட்டையின் முகப்பில் புகைக்கறை படியாமல் காகித டேப் ஒட்டி, ஓரங்களைக் காந்தத்தால் பிடித்து, லேசரின் சக்தியைக் குறைத்து, வேகத்தைக் கூட்டினான். புகையை ஊதித் தள்ளும் காற்றுக் குழாய் 'உஸ்' என்றது.

நெளிந்த அட்டை இனித் தாங்குமா?

லேசர் ஓடியது. தன்னையறியாமல் அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்... அவனும் விலக்கவில்லை.

டேப்பை உரித்தான். மயில்! ஒவ்வொரு இறகும் பளிச்சென்று, ஒரு பொட்டுக் கறுப்பில்லாமல்.

"பிரணவன்..." என்றான் அவன், சம்பந்தமில்லாமல்.

"என்ன?"

"என்ர பேர். மெஷின்காரன் எண்டே திட்டிக்கொண்டிருக்கப் போறியளோ?"

"நிலூஷா," என்றாள். கன்னம் சுட்டது.

கடைசி அட்டையும் வெட்டி முடிந்தபோது மழை தூறலாகியிருந்தது. கலஹா போகும் பஸ், தரிப்பிடத்தில் உறுமிக்கொண்டு நின்றது. கட்டோடு படியிறங்கியவள் நின்றாள். இப்போது போனால்... இனி எப்போது? திரும்பி வந்து, ஒரு அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும்."

"நானோ? வாறன்."

"தனியா வேணாம்... உங்க அம்மாவயும் கூட்டிட்டு வாங்க. எங்கம்மாகிட்டப் பேசட்டும்."

அவன் கை அந்தரத்தில் நின்றது. "என்னத்தைப் பேச?"

"பயமா இருக்குங்க... ஆனா சொல்லாமப் போனா இன்னும் பயமா இருக்கும். எனக்கு உங்கள புடிச்சிருக்கு."

பஸ் ஹோர்ன் அலறியது. பிரணவன் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"ஓம்... அம்மாவோட வாறன். நீங்கள் 'நிப்பாட்டுங்க' எண்டு கத்தேக்கயே எனக்குப் பிடிச்சுப் போச்சு, நிலூஷா!"