குறடு எடுத்த நாள்

பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வேலையால் வந்ததும் மதுஷன் தொட்டிலுக்குள் கையை நீட்டுவான். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாத இரும்பும் உலைக்கரியும் மணக்கிற அந்தக் கையை மகள் மோந்து மோந்து விரலைப் பிடித்துக்கொள்வாள். இன்றைக்குக் கை கிட்டப் போகவே முகம் சுளித்துச் சுவர்ப் பக்கமாக ஒதுங்கினாள். ஒரு மாதப் பிள்ளை ஒதுங்குமா? தொட்டிலின் குறுக்கே கிடந்த, உலையில் இரும்பைப் பிடிக்கிற குறட்டையும் காணவில்லை.

அது ரேமண்ட் தந்தது. ஊரைவிட்டு வந்து லா ஷப்பலில் இவர்கள் இருக்கும் கட்டடத்தின் பின்முற்றத்தில் பட்டறை வைத்திருக்கும் அயர்லாந்துக்காரர், மதுஷனின் முதலாளி. அவருடைய ஊரில் குதிரைக்கு லாடம் அடிக்கிற கொல்லனிடம் உலைக்குறடு வாங்கித் தொட்டிலின் மேல் வைப்பார்களாம். இல்லாவிட்டால் பிள்ளையைக் கொண்டுபோய், அதே முகத்தோடு வேறொன்றை மாற்றி வைத்துவிடுவார்களாம். ஆர் மாற்றுவது என்று கேட்டதற்கு அவர் பெயர் சொல்லவில்லை; இரும்புக்குப் பயந்தவர்கள் என்று மட்டும் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்தில் இரும்பு வைப்பது எங்களுக்கென்ன புதிதா என்று அவன் மனைவி மிருணாளினியும் மறுக்கவில்லை.

“குறடு எங்கை, மிருணா?”

“காலமை பிள்ளை பெத்த துடக்குக் கழிச்சாச்சுத்தானே. இனி என்னத்துக்கு அந்தக் கரிபிடிச்ச சாமான்? பட்டறை வாசலிலை வைச்சிட்டு வந்திட்டன்,” என்றபடி மனைவி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

அவன் ரேமண்டுக்குப் போன் எடுத்தான்.

“ஞானஸ்நானம் கொடுக்கும்வரை எடுக்கக்கூடாதே,” என்றார் அவர். “எப்போது கொடுக்கிறீர்கள்?”

இவர்கள் சைவக்காரர். ஞானஸ்நானமே கிடையாது.

“இரும்பு மணத்துக்கு விலகுகிறாளா?” என்று ரேமண்ட் கேட்டார்.

கீழே தெருவில் பஸ் உறுமுவதும், கடையில் ரோல்ஸ் பொரிக்கிற எண்ணெய் மணமும், மேல்வீட்டில் கதிரை இழுபடுவதும் வழக்கம்போல வந்துகொண்டிருக்க, நடுவே, படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு குழந்தை விக்கி விக்கி அழுதது. அவனுக்குத் தெரிந்த அழுகை. மகளின் அழுகை.

தோளில் கிடந்தது வாயை மூடியிருந்தது.

அவன் கதவைத் திறந்தான். ஒருவருமில்லை. அழுகை படியிறங்கியது. ஒரு மாடி. இன்னொரு மாடி.

“மிருணா!”

அவளுடைய சட்டை நனைந்திருந்தது. பால் தானாகச் சுரந்திருந்தது. அவள் தலை நிமிர்த்தி வாசலைப் பார்த்தாள்.

“ஆரப்பா அழுகிறது? எங்கடை...”

தோளில் கிடந்தது சின்னக் கையை நிதானமாக உயர்த்தியது. அவளுடைய காதைப் பொத்தியது.

கீழே தெருக்கதவு சாத்துப்பட்டது.

“ஓம் செல்லம், ஓம்,” என்று அவள் அதன் முதுகைத் தட்டினாள். பால் மட்டும் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.