எந்த நாளிலிருந்து, மாமா?

வாலுவுக்கு நிஜப் பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் வெளியே வரும். வீட்டிலும் தெருவிலும் அவள் வாலுதான். வயது பத்து. தம்பி பொடியனுக்கு ஆறு வயது. அவனை நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

இவர்களுடைய அம்மாவுக்கு இரண்டு வேலை. பகலெல்லாம் பேக்கரி. அது முடிந்த கையோடு தெருக்கோடி சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். அவள் திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிப் போயிருக்கும். காலையில் பார்த்தாலோ ஒரே பரபரப்பு. பல் தேய்ச்சியா, பையை எடுத்தியா என்பதைத் தாண்டிப் பேச நேரமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அம்மா முழுசாகக் கிடைப்பாள்.

அம்மாவின் முதலாளி, பேக்கரி மாமாவைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சனிக்கிழமை தோறும் வாலுவுக்கு உடைந்த பிஸ்கட்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பவர் அவர். உடைந்தது போதாவிட்டால் நல்ல பிஸ்கட்டையே உடைத்துப் போடுவார். ஒரே ஒரு குறைதான். மனசு குளிர்ந்தாலும் கொதித்தாலும் வாய்க்கு வந்ததையெல்லாம் வாரி வழங்கிவிடுவார்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, பூ வைத்த கேக் கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு அடுத்த தெருக் கடைக்குப் போனதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. அம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ மட்டும் கிரீம்ல பூப் போடக் கத்துக்கோ. உன் சம்பளத்தை ஒன்றரை மடங்காக்கிடறேன். இது என் வார்த்தை" என்றார். மாவு மூட்டை மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த வாலு அதைக் காதாரக் கேட்டாள். சாப்பாட்டுக் கடைக்குப் போகிற வழியில் வாலுவோடு நடக்கும்போது அம்மா வாய்விட்டே கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவ்வளவு கிடைத்தால் பாத்திரம் தேய்க்கிற வேலையை விட்டுவிடலாம். சாயங்காலம் வீட்டிலேயே இருக்கலாம்.

வாலுவுக்குத் தலைகால் புரியவில்லை.

கிரீம் வாங்கிப் பழகக் கட்டுப்படியாகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் உருளைக்கிழங்கை வேகவைத்துக் குழைய மசித்தார்கள். பிளாஸ்டிக் கவரில் நிரப்பி, நுனியைக் கத்தரித்து, அம்மா அழுத்த, வாலு கவிழ்த்து வைத்த டம்ளரை மெல்லச் சுற்றினாள். முதல் ரோஜா, யாரோ மிதித்துவிட்டுப் போன முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. சரியாக வராத பூவையெல்லாம் வீணாக்காமல் சாப்பிட்டுத் தீர்த்தார்கள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பொடியன் தட்டைத் தள்ளிவிட்டு, தனக்குப் பூ வேண்டாம், சோறுதான் வேண்டும் என்று அழுதேவிட்டான். ஆனாலும் அம்மா விடவில்லை. கடைசியில் இதழ் இதழாக நிமிர்ந்து நின்றது ரோஜா.

பேக்கரியின் கண்ணாடி அலமாரிக்குள் பூக் கேக்குகள் வந்தன. வைத்த சுருக்கில் விற்றும் போயின. சம்பள நாளும் வந்தது. சம்பளம் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அம்மா முதல்முறை கேட்டபோது மாமா "பார்க்கலாம்மா" என்றார். அடுத்த மாதம் சர்க்கரை விலை ஏறிவிட்டதாகச் சொன்னார். அதற்கடுத்த மாதம் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அம்மா கேட்டுவிட்டாள். அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அப்படியா சொன்னேன், ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன் என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலை வாரிவிடும்போது இதையெல்லாம் அம்மா சொல்ல, வாலுவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் வந்து, நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கறேன் பாரு."

"அம்மா தாயே, இருக்கிற வேலைக்கும் வேட்டு வெச்சுடாதே" என்றாள் அம்மா. சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. பின்னலை இறுக்கிக் கட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஒன்று நடந்தது. வாலு தன் தம்பியிடம் முன்பே ஒரு பேரம் பேசியிருந்தாள். ஒரு மாதம் அவளுடைய ஷூவுக்கு அவன் பாலிஷ் போட்டால், ஜன்னலோரம் படுக்கிற இடம் இனிமேல் அவனுக்குத்தான். பாவம், அவனும் மூக்கு நுனியெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு தினமும் தேய்த்தான். மாதம் முடிந்துவிட்டது. இப்போது தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, இன்னிக்கா, நாளைக்கா?"

"பார்க்கலாம்டா" என்றாள் வாலு.

சொன்ன மாத்திரத்தில் அவளுக்குச் சுருக்கென்றது. பேக்கரி மாமா சொன்ன அதே வார்த்தை. பேரம் ஒன்றும் அவளுக்கு மறந்துபோகவில்லை. ஜன்னலோரக் காற்றை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். தம்பி மட்டும் தருவியா மாட்டியா என்று கேட்டிருந்தால், அவள் பத்து சாக்குச் சொல்லியிருப்பாள். இவனோ தலையணையோடு வந்துவிட்டான். அக்கா சொன்னால் செய்வாள் என்று அவ்வளவு நம்பிக்கை. அந்த முகத்தைப் பார்த்து எப்படி ஏமாற்றுவது? வாலு பெருமூச்சு விட்டுக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

சனிக்கிழமை அவள் பேக்கரிக்குப் போனபோது, அம்மா உள்ளே தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடையில் கூட்டம். கடைசி ஆளும் போகட்டும் என்று வாலு மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தாள். தப்பாக ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவின் வேலையே போய்விடும். கடை காலியானதும் எழுந்து மாமாவிடம் போனாள்.

"மாமா, அம்மா சாயங்கால வேலையை எந்த நாளிலிருந்து நிறுத்தணும்? சாப்பாட்டுக் கடையில முன்னாடியே சொல்லணுமாம்."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தச் சாயங்கால வேலை என்று கேட்டார். இங்கிருந்து போய் அம்மா பாத்திரம் தேய்ப்பதை வாலு சொன்னாள். அவர் கையிலிருந்த துணி கண்ணாடி மேல் அப்படியே நின்றுவிட்டது.

"அதை ஏன் நிறுத்தணும்?"

"நீங்க சம்பளம் கூட்டித் தர்றேன்னு சொன்னீங்களே. அதனாலதான்."

"பெரியவங்க விஷயம் இது. நான் எதையோ நினைச்சு என்னத்தையோ சொல்லியிருப்பேன், இப்ப ஞாபகம் கூட..."

"நானும் தம்பிக்கு ஒண்ணு தர்றேன்னு சொல்லிட்டு, அப்புறம் பார்க்கலாம்னு சொன்னேன் மாமா. எனக்கு மறக்கல. கொடுக்கத்தான் மனசு வரல. கொடுத்துட்டேன். இப்ப ஒண்ணும் கஷ்டமா இல்ல."

மாமா அவளை முறைத்தார். பிறகு குனிந்து, விற்காமல் மிச்சமிருந்த ஒரே பூக் கேக்கைப் பார்த்தார். உள்பக்கம் திரும்பி, "தங்கச்சி, கையைத் துடைச்சுட்டு இப்படி வா" என்று கூப்பிட்டார். வாலு பிஸ்கட் பொட்டலத்தைக் கூட மறந்து ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வெயில் முழுசாக இறங்கவில்லை, அதற்குள் அம்மா வாசலில் வந்து நின்றாள். வாலுவுக்கு அழுகை முட்டியது. இந்நேரத்துக்கு அம்மா வந்தால் வேறு என்ன அர்த்தம்?

"வேலை போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சு, பாத்திரம் தேய்க்கிற வேலை" என்றாள் அம்மா. வாலுவின் காதைப் பிடித்துத் திருகப் போனவள், திருகாமல் இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்ன ஒன்றரை மடங்கும் இந்த மாதத்திலிருந்தே. விட்டுப்போன மூன்று மாதத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுவாராம். வார்த்தையைக் கொடுத்துவிட்டு இத்தனை நாள் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரிந்தேன் தங்கச்சி என்றாராம். வரும் வழியிலேயே சாப்பாட்டுக் கடையிலும் சொல்ல, அவர்களும் இன்றைக்கே விட்டுவிட்டார்களாம். அம்மாவுடைய உள்ளங்கை சோப்பு நீரில் ஊறிச் சொரசொரவென்றுதான் இருந்தது. வாலு அதைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வந்துவிட்டாளே தவிர, சாயங்கால வீடு அம்மாவுக்குப் புதுசு. என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சரி, இந்த நேரத்துல நீங்க ரெண்டு பேரும் வழக்கமா என்ன பண்ணுவீங்க?"

"சண்டை போடுவோம்" என்றான் பொடியன்.

"அப்படியா? ஆரம்பிங்க, பார்க்கறேன்" என்று அம்மா காலை நீட்டி உட்கார்ந்தாள்.

இரண்டு பேரும் அவள் மடியில் ஆளுக்கொரு பக்கம் தலையை வைத்துக்கொண்டு, எவ்வளவோ யோசித்துப் பார்த்தார்கள். அன்றைக்குப் பார்த்துச் சண்டை போட ஒன்றுமே கிடைக்கவில்லை.