இடது பின்கதவு

சாவியைத் திருப்பியதும் காரின் நான்கு கதவுகளிலும் பூட்டுக் குமிழ்கள் ஒன்றாக 'டக்' என்று இறங்கின. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். சற்று நேரத்தில் இடது பின்கதவின் குமிழ் மட்டும் மறுபடியும் மேலே ஏறியது.

"போச்சுடா," என்றான்.

அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன கூண்டுகளை இறக்கிப் பழகியவன். அவனுடைய வேதம் ஒரே வரிதான்: தானாக நகரும் பொருள் என்று எதுவும் கிடையாது, ஒன்று நகர்ந்தால் வேறொன்று அதை நகர்த்துகிறது. அந்த வேறொன்றைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தப் பழைய காரை வாங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் மண்டியிட்டு அவன் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

சமையலறையிலிருந்து கொட்டகைக்கு வரும் கதவில் மனைவி வந்து நின்றாள்.

"பூட்டு நின்னுச்சா?"

"நிக்கும்."

"நிக்குமான்னு கேக்கல. நின்னுச்சான்னு கேட்டேன்."

அவன் திருப்புளியைத் துடைத்தான்.

"சொன்னது சொன்னதுதாங்க. அந்தப் பூட்டு நிக்கிற வரைக்கும் பாப்பா இந்தக் கார்ல ஏற மாட்டா. நாளைக்கு ஸ்கூல் திறக்குது. நான் பஸ்லயே கூட்டிட்டுப் போயிடுறேன்."

"சைல்டு லாக் போட்டிருக்கு. உள்ள இருந்து யாராலயும் திறக்க முடியாது."

"அப்ப பூட்டு ஏன் ஏறுது?"

அவன் மறுபடி கதவின் முன் மண்டியிட்டான்.

அவளுடைய தம்பி பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வழியாக வந்தான். பூங்காவுக்குப் புறப்பாடு.

"என்ன மாமா, இது காரா, கழுதையா? சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது."

"நீ வேற எரியிற நெருப்புல எண்ணெய ஊத்தாத. கிளம்பு."

"அப்பா, சீக்கிரம் சரி பண்ணு," என்றாள் பாப்பா. "நான் ஜன்னல் பக்கம்தான் உக்காருவேன். இந்த ஜன்னல்." இடது பின்கண்ணாடியைத் தொட்டவள் கையைச் சட்டென்று எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஈரம்."

அவர்கள் போன பிறகு அவன் கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். வெளிப்புறம் உலர்ந்திருந்தது.

ஒரு கதவுப் பூட்டைப் புரிந்துகொள்வது கடினமில்லை. கதவின் விளிம்பில் ஒரு கொக்கி. அது வண்டியின் உடம்பில் உள்ள வளையத்தைக் கவ்வும். கொக்கியை விடுவிப்பவை கைப்பிடிகள். அந்தக் கைப்பிடிகளைப் பேச்சுக் கேட்க வைப்பது, கேட்கவிடாமல் செய்வது, இவை பூட்டின் வேலை. முன்கதவில் சாவித்துளை உண்டு. பின்கதவில் அதுவும் கிடையாது. ஆகவே பின்கதவின் பூட்டை நகர்த்த இரண்டு பேரால்தான் முடியும். ஒன்று, கதவுக்குள் இருக்கும் சின்ன மோட்டார். இரண்டு, உள்ளேயிருந்து குமிழைப் பிடித்துத் தூக்குகிற விரல்.

விரல் இல்லை. ஆகவே மோட்டார்.

போன வாரம் புது மோட்டார் மாற்றினான். குமிழ் ஏறியது. அதற்கு முந்தைய வாரம் ரப்பர் பட்டையை மாற்றினான். ஏறியது. இன்று உட்பலகையை மறுபடி கழற்றினான். ஒரு பிளாஸ்டிக் கவ்வி முறிந்து முகத்தில் தெறித்தது. திருகு ஒன்று உருண்டோடி எங்கோ ஒளிந்தது. தேடினால் கிடைக்காது, மறந்தால் காலில் குத்தும். தகர விளிம்பு விரலைக் கீறியது. காயத்தை வாயில் வைத்துக்கொண்டே உள் கைப்பிடியைப் பார்த்தான். அதன் பளபளப்புப் பூச்சு முழுக்கத் தேய்ந்து, அடியிலிருந்த உலோகம் குழிந்திருந்தது. ஓட்டுநர் கதவின் கைப்பிடிகூட இவ்வளவு தேயவில்லை. 'திறக்கவே திறக்காத கைப்பிடியை எவன் இத்தனை தரம் இழுத்தான்?' என்று எரிச்சலோடு நினைத்தான். பிறகு அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு மோட்டாரின் ஒயரைப் பிடுங்கினான்.

இனி மின்சாரம் இல்லை. கதவைத் திறந்து வைத்தபடியே குமிழை அழுத்தினான். நின்றது. தட்டினான், உலுக்கினான். நின்றது. உட்பலகையைப் பொருத்திவிட்டு, குமிழை அழுத்தியபடி கதவை மூடினான்.

ஏறியது.

இந்த முறை கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டாருக்கு மெதுவாக என்பது தெரியாது. மேலே, கீழே, அவ்வளவுதான் அதன் படிப்பு. இந்தக் குமிழோ பாதி ஏறியது. வழுக்கினாற்போல் கீழே விழுந்தது. மறுபடி ஏறியது. கொஞ்சம் பொறுத்து, கவனமாக, முழுவதும் ஏறி நின்றது.

அவன் பின்னால் நகர்ந்தான். கொட்டகையில் ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்த வாடை அடித்தது. வெளியே வெயில் இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, வழக்கமாகப் போகும் கார்ப் பட்டறைக்காரருக்குப் போன் செய்தான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமைகூட நம்மள விட மாட்டீங்களா?"

"மோட்டார் ஒயரயே பிடுங்கிட்டேன். அப்பவும் ஏறுது."

"பிடுங்கிட்டா எப்படிண்ணே ஏறும்?"

"அத நான் உங்ககிட்ட கேக்குறேன்."

"சைல்டு லாக் நெம்பு பாதியில நின்னுச்சுன்னா உள்ள ஸ்பிரிங்கத் தள்ளும். அத எடுத்து விட்டுட்டுப் பாருங்க. அப்பவும் ஏறுச்சுன்னா காரையே யார் தலையிலயாவது கட்டிடுங்க. உங்க தலையில ஒருத்தன் கட்டுன மாதிரி."

குழந்தைப் பூட்டு எளிய ஏற்பாடு. பின்கதவின் விளிம்பில், கதவைத் திறந்தால் மட்டும் கண்ணில் படுகிற இடத்தில், நகம் அளவு ஒரு நெம்பு, மேலும் கீழும் தள்ளுகிற சின்னக் கட்டை. அதைக் கீழே தள்ளிவிட்டால் உள் கைப்பிடி செத்துவிடும். வெளியே இருப்பவர் திறக்கலாம். உள்ளே இருக்கும் குழந்தை குமிழைத் தூக்கலாம், கைப்பிடியை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். வெளியே வர மட்டும் முடியாது.

கார் வாங்கிய அன்று அந்த நெம்பு ஏற்கெனவே கீழே இருந்ததைப் பார்த்து அவன் திருப்திப்பட்டிருந்தான். இப்போது கைவிளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். நெம்பு மேலே வரவே கூடாது என்பதுபோல முன்பு இந்தக் காரை வைத்திருந்தவன் அதன்மேல் பசையை ஊற்றி அடைத்திருந்தான். அது கறுத்துக் கல்லாகியிருந்தது. வலது கதவில் அப்படி எதுவும் இல்லை.

"நல்ல வேலைக்காரன்டா நீ," என்று முகம் தெரியாத அந்த மனிதனைத் திட்டிக்கொண்டே பிளேடால் சுரண்டினான். பசை செதில் செதிலாக விழுந்தது. திருப்புளி முனையை வைத்து நெம்பினான். நெம்பு மேலே ஏறியது. சுகமான ஒரு 'களுக்'.

குமிழை அழுத்தினான். கதவை மூடினான். கண்ணாடிக்கு எதிரே நின்றான்.

அமைதி.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நெம்பு! இத்தனை ஞாயிறுகளும் இந்த நகத்தளவு நெம்புக்கா!

கண்ணாடியின் கீழ்ப்பகுதி மங்கியது. உள்பக்கத்திலிருந்து. பாப்பா உட்கார்ந்தால் அவள் வாய் வருகிற உயரத்தில், ஒரு கையகலத்துக்கு. மங்கியது, தெளிந்தது. மங்கியது.

குமிழ் அசைந்தது. பாதி ஏறியது. வழுக்கியது. மறுபடி ஏறியது.

நின்றது.

அப்புறம், அவன் இதுவரை பார்க்காத ஒன்று. உள் கைப்பிடி. மெல்ல. பின்னால் போயிற்று.

கொக்கி விட்டது.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. பிறகு ஒரு சாண். வாடை குப்பென்று வந்தது. இருக்கையில் யாரும் இல்லை. அவன் நன்றாகப் பார்த்தான். யாரும் இல்லை. ஆனால் வண்டியில் ஒருவர் உட்கார்ந்தால் சக்கரத்துக்கு மேலுள்ள சுருள்வில் அமுங்கும், இறங்கினால் எழும்பும். எவ்வளவு சிறிய ஆளாக இருந்தாலும்.

காரின் இடது பின்பக்கம் எழும்பியது.

அவன் நகரவில்லை. தரையில் ஓர் ஈரத்தடம். சின்னது. அதற்கு அப்பால் இன்னொன்று. சமையலறைக் கதவை நோக்கி.

கைகள் மட்டும் பழகிய வேலையைச் செய்தன. குமிழை அழுத்தியபடி கார் கதவை மூடின. குமிழ் இறங்கியது. நின்றது. அப்படியே நின்றது.

சமையலறைக்குள்ளிருந்து மனைவியின் குரல்.

"அதுக்குள்ள வந்துட்டியா செல்லம்? என்னடி, இப்படி நனைஞ்சிருக்க? ஐயோ, கை ஏன் இவ்வளவு சில்லுனு இருக்கு? வா, வா, துடைச்சு விடுறேன்."

அவன் தரையிலிருந்த ஈரத்தடங்களை மறுபடி பார்த்தான்.

பின்னால் வாசல் கேட் கிறீச்சிட்டது. மச்சானின் சிரிப்பு. ஓடிவரும் செருப்புச் சத்தம். வெதுவெதுப்பான, உலர்ந்த ஒரு சின்னக் கை அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டது.

"அப்பா, பூட்டு நின்னுச்சா?"

அவன் சமையலறைக் கதவை நோக்கிப் பாய்ந்தான். அது அவன் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் உரசும் சத்தம் கேட்டது. பாதி ஏறியது. வழுக்கியது. கொஞ்சம் பொறுத்து, கவனமாக, முழுவதும் ஏறி நின்றது.

"அப்பா, சொல்லுப்பா. நின்னுச்சா?"

காரின் பூட்டு நின்றிருந்தது. பழுது பூட்டில் இல்லை. உள்ளே இருந்தது வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் குழந்தைப் பூட்டை எடுத்துவிட்டால் போதும்.