புகாருக்கு முன் எண்ணெய்

திங்கட்கிழமை புகார் நாள். தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும் என்பது திருச்சி தணிப்பு நிலையத்தின் விதி. ஈரத் தலையை விரித்துப் போட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தோம். இழவு வீடு மாதிரி இருந்தது. இழவு வீட்டிலாவது அழ விடுவார்கள்.

கோபத்தோடு கொடுக்கும் புகார் செல்லாது என்பது சட்டம். முதலில் நெற்றியில் எண்ணெய்த் தாரை. எழுந்த பிறகும் புகார் இருந்தால் பதிந்துகொள்வார்கள். எழுந்து போய்ப் பதிந்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

என் கணவர் வேலவன் போன வாரம் இங்கே தாரைக்குப் படுத்தார். எங்கள் எட்டு வயது நிறைமதி லிஃப்ட் அறுந்து செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கயிறு நைந்திருக்கிறது என்று முன்பே குடியிருப்பு வாரியத்திடம் தலைபாடாய் அடித்துக்கொண்டோம். அதைப் புகாராகக் கொடுக்கப் போன மனுஷன், பளபளக்கிற நெற்றியோடு வந்து, “மீன் வாங்கட்டுமா?” என்றார். ஓங்கி அறையலாம் போலிருந்தது. மகளை அவர் மறக்கவில்லை. அவள் சாவுக்கு யாரோ பொறுப்பு என்பதுதான் உறைக்கவில்லை.

நான் கல்லூரியில் பாய்ம இயற்பியல், அதாவது திரவங்கள் ஓடும் விதம் பற்றிய பாடம், நடத்துகிறவள். தேனை உயரத்திலிருந்து ஊற்றினால், விழுந்த இடத்தில் கயிறு போலச் சுருளும். தாரைக்கென்றே கெட்டிப்படுத்திய இந்த எண்ணெயும் அப்படித்தான். உயரமும் சூடும் மாறினால் சுருளும் வேகம் மாறும். கோபத்தைத் தணிக்கிற மூளையலைக்கு அந்த வேகத்தை இயந்திரம் பொருத்திவிடுகிறது. நெற்றி அசைந்தால் சுருள் கோணல்மாணலாகிவிடும், தாளம் கெட்டுவிடும். என் முறை வந்து படுத்ததும் தலையை ஆட்டினேன்.

“தலைய ஆட்டாதீங்க மேடம்,” என்றாள் தாரை ஊழியர் இர்ஃபானா. வார் போட்டு இறுக்கினாள். தலையைத்தானே கட்டினாள்? வாயைத் திறந்தேன். கத்தினால் புருவமும் ஏறி இறங்கும், நெற்றி அசையும்.

“மூணாவது பிளாக் லிஃப்ட்! நைஞ்ச ரோப்புக்கு பெயிண்ட் அடிச்சுட்டு, புதுசுன்னு சொல்லிட்டுப் போனானுங்க!”

“பேசாதீங்க மேடம், தாரை ஒடையுது.”

“ஒடையட்டும்! அதே ஆளுங்கதான் நாலாவது பிளாக்லயும் அடிச்சானுங்க!”

எண்ணெய் நின்றது. இர்ஃபானாவின் கை வால்வின் மேல் இருந்தது.

“நாலாவது பிளாக்கா? எம் பசங்க அதுலதான் தெனம் ஸ்கூலுக்கு எறங்குறாங்க!” போனை எடுத்தாள். உள்ளே சிக்னல் கிடையாது. “பாவிங்களா!” என்று அலறினாள்.

உடனே சுவர் பேசியது: “ஊழியர் இர்ஃபானா, உங்கள் கோபம் வரம்பைத் தாண்டிவிட்டது. பக்கத்துப் படுக்கையில் படுக்கவும்.”

இரண்டு காவலர்கள் வந்து அவள் தோளைப் பிடித்தார்கள். படுத்து எழுந்தால் இவளும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போவாள். நாளைக் காலையில் தலை வாரி, பையை மாட்டி, பிள்ளைகளை அதே லிஃப்டில் ஏற்றி அனுப்புவாள்.

“இர்ஃபானா! படுத்தாலும் வாய மூடாத!” என்று கட்டிலிலிருந்து கத்தினேன். “பசங்க பேரச் சொல்லிக் கத்தும்மா! நிறுத்தாத, கத்து!”