ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி

காலை ஐந்தரை மணிக்கு அவர் தன் லாரியில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். திருப்பவில்லை. ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. அவர் கட்டியதல்ல.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கிப் போய், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் பழைய பிசுக்கு மட்டும்தான் இருந்தது. இஞ்சின் ஆயிலை யாரோ முழுசாக வடித்துவிட்டிருந்தார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

நேற்று வரை அவர் கூலிக்கு ஓட்டிய டிரைவர். இன்று முதல் சொந்த வண்டிக்காரர். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய பழைய லாரி அது. பத்து மணிக்குக் கிடங்கில் முதல் லோடு. முதல் லோடுக்கே வராத வண்டிக்கு இரண்டாவது லோடு கிடையாது என்று புரோக்கர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். லோடு இல்லையென்றால் தவணை கட்ட முடியாது. தவணை கட்டாவிட்டால் வீடு போய்விடும். இது அவருக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. போலீசுக்குப் போன் செய்ததுகூட, அடுத்ததாகச் செய்ய வேண்டியது அதுதான் என்று தோன்றியதால்தான்.

ஆறரைக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்து சேர்ந்தார். ஸ்டேஷனில் அவருக்கு 'அப்புறம்' என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லப்போய் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

லாரி நின்றது வீட்டை ஒட்டிய காலி இடத்தில். சுற்றிலும் ஆள் உயரச் சுவர். கேட்டில் உள்பக்கம் பூட்டு. வண்டிக் கதவும் பூட்டியிருந்தது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. சாவி இரண்டு. ஒன்று இரவெல்லாம் அவர் தலையணைக்கு அடியில் இருந்தது. மற்றொன்று மெக்கானிக்கிடம். மெக்கானிக் வேறு யாருமல்ல, மனைவியின் அண்ணன்தான். அப்பா நடத்திய பட்டறையில் அண்ணனும் தங்கையும் நட்டு போல்ட்டோடு விளையாடி வளர்ந்தவர்கள். நேற்று சாயங்காலம்தான் மெக்கானிக் புது ஆயில் ஊற்றி வண்டியை ஒப்படைத்திருந்தார்.

தகவல் போனதும் மெக்கானிக் ஓடி வந்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். அதோடு வாயை மூடிக்கொண்டார். போலீஸ் எல்லாம் எதுக்கு மாப்பிள்ளை என்று மட்டும் ஒரு தடவை முனகினார்.

"இந்தத் துணி என்ன கணக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

மெக்கானிக் தயங்கித் தயங்கிச் சொன்னார். பட்டறை வழக்கம் அது. ஆயிலை வடித்தவர் வேறு வேலையாக நகர்ந்தால், ஸ்டியரிங்கில் துணி கட்டிவிட்டுத்தான் போவார். இல்லையென்றால் விவரம் தெரியாத எவனாவது ஸ்டார்ட் செய்துவிடுவான், இஞ்சின் பிடித்துக்கொள்ளும், அதோடு தொலைந்தது.

இன்ஸ்பெக்டர் துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனை அடித்தது. மெக்கானிக்கின் தோளில் கிடந்த துணியையும் பார்த்தார். அது என்ன நிறம் என்று அதை நெய்தவனாலேயே சொல்ல முடியாது.

ஏழு மணிக்குப் பழைய முதலாளி காரில் வந்து இறங்கினார். துணி கட்டியிருந்த கதைவரை தெருவில் கேள்விப்பட்டு அனுதாபம் சொல்ல வந்தாராம். இரண்டு மாதத்தில் இவன் திரும்பி என்னிடமே வருவான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த மனிதர் அவர். ஆகவே இன்ஸ்பெக்டர் அவரிடம் திரும்பினார்.

"நல்ல டிரைவரை விட்டுட்டீங்க. வருத்தம் இருக்குமே?"

"இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய். இவனை மாதிரி ஆள் கிடைக்க மாட்டான். கம்பியை உருவி ஆயில் பாக்காம இவன் சாவியே போட மாட்டான். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அது தவறினதில்ல. போற போக்குலயும் ரெண்டு டிரிப்பைச் சேர்த்து ஓட்டிக் குடுத்துட்டுத்தான் போனான்."

"அப்புறம்?"

முதலாளிக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. "நான் செய்யணும்னா துணி எதுக்கும்மா கட்டணும்? சும்மா விட்டிருந்தாலே இஞ்சின் காலி. இவன் நாளைக்கே என் வாசல்ல வந்து நிப்பான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்ஸ்பெக்டர் அவரை அனுப்பிவிட்டார்.

உள்ளே போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மனைவி குக்கரைச் சாய்த்து ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். சமையல் மேடையில் வாணலி, பால் பாத்திரம், சோற்றுப் பானை எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்திருந்தது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. குழாயை இன்ஸ்பெக்டர் திருகிப் பார்த்தார். நன்றாக வந்தது. தண்ணீர் கேன் வைக்கும் முக்காலி காலியாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தார்.

கூடத்தில் லாரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களிலும் செருப்பு ஜோடி மாறியிருந்தது. கேள்வி கேட்டால் பதில் வரச் சற்று நேரம் பிடித்தது.

"ராத்திரி தூங்கினீங்களா?"

"படுத்திருந்தேன். விடியுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கண்ணு அசந்துச்சு."

"அதுக்கு முந்தின ராத்திரி?"

"வண்டில."

"அதுக்கும் முந்தின ராத்திரி?"

அவர் யோசித்தார். விரல் விட்டு எண்ணியும் அந்த ராத்திரி அகப்படவில்லை.

அப்போது மெக்கானிக் முன்னால் வந்து நின்றார். "நான்தான்னு எழுதிக்கோங்க மேடம். சாவி என்கிட்ட இருக்கு. வழக்கமும் என் வழக்கம். முடிஞ்சு போச்சு."

"சரி. வடிச்ச ஆயில் எங்க?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாது. ஏன்னா நீங்க செய்யல," என்ற இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு லாரிக்காரருக்கு எதிரே உட்கார்ந்தார். "ஒரே ஒரு விஷயம்தாங்க எனக்கு இடிச்சுது. ஆயில் பாக்காம நீங்க சாவி போட மாட்டீங்க. முதலாளிக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஆளுக்கு எதுக்குத் துணி? கம்பியை உருவினா நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்களே. இன்னிக்குக் காலையில முதல்ல என்ன செஞ்சீங்க?"

லாரிக்காரர் நெற்றியைத் தேய்த்தார்.

"சாவி போட்டேன்."

"கம்பியைப் பாக்கல."

"பாக்கல."

"அப்போ, இன்னிக்கு நீங்க பாக்க மாட்டீங்கன்னு ஒருத்தருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நேத்து ராத்திரி உங்களைப் பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். அவங்களுக்கு வண்டி நிக்கணும், ஆனா இஞ்சின் கெடக் கூடாது. விடியுறதுக்கு முன்னாடி நீங்க அசந்த நேரத்துல தலையணைக்கு அடியில கை விட்டாலும் முழிச்சிருக்க மாட்டீங்க. துணி சுத்தமா துவைச்ச துணி. வீட்டுல தண்ணி கேன் ரெண்டும் காணோம். அதுல இருந்த தண்ணியெல்லாம் சமையல் பாத்திரத்துல நிக்குது." அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஆயில் நல்ல ஆயில், கொட்ட மனசு வரல. இல்லையாம்மா?"

அவள் மறுக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கேன்களை இழுத்துக் கொண்டுவந்து வைத்தாள். மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது.

சாவியை ஒளித்து வைத்திருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அண்ணனிடம் இன்னொரு சாவி இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றாள். அண்ணனிடம் வேறு ஆயில் இல்லை, ஆயில் கடை திறப்பதற்குள் லோடு நேரம் தாண்டிவிடும் என்று நினைத்தாளாம்.

"வீடு போயிடும்னு தெரியுமில்ல?"

"தெரியும். எங்க அப்பா குடுத்த வீடு." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நேத்து சாயங்காலம் கதவைத் தட்டினார். திறந்தேன். என்னைப் பாத்து, 'யாருங்க?'ன்னு கேட்டார். விளையாடுறார்னு சிரிச்சேன். அவர் சிரிக்கல. நான் பேர் சொன்னப்புறம்தான் உள்ள வந்தார்."

லாரிக்காரர் நிமிர்ந்தார். "நானா கேட்டேன்?"

"நீங்கதான்."

அவருக்கு அது நினைவே இல்லை. தேடிப் பார்த்தார். கதவு நினைவிருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு முகமும் இல்லை.

மெக்கானிக் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டார். "இப்ப ஊத்தினாலும் பத்துக்குள்ள போயிடலாம் மாப்பிள்ளை. நடந்தது நடந்து போச்சு. லோடை விட்டா அடுத்த லோடு கிடையாது."

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் கால்களைப் பார்த்தார். செருப்புகள் மாறியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. கழற்றி வைத்தார். போனை எடுத்துப் புரோக்கரைக் கூப்பிட்டார்.

"வண்டி இன்னிக்கு வராது."

அந்தப் பக்கத்துக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. முதல் லோடே இப்படியா, வண்டிக்கு என்ன ரிப்பேர் என்று கத்தியது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. டிரைவர் தூங்கணும்."

டிரைவர் சொன்னால் அப்படியே விட்டுவிடுவதா, ஓனர் நீங்கள்தானே என்றது குரல்.

"ஆமா. ஓனர்தான் சொல்றேன்."

போன் துண்டிக்கப்பட்டது. இனி அந்த எண்ணிலிருந்து அழைப்பு வராது என்று அவருக்குப் புரிந்தது. வீடு, தவணை எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. எதுவும் வலிக்கவில்லை. தூங்கி எழுந்தபிறகு வலிக்கும் என்று மட்டும் தெரிந்தது.

புகாரை என்ன செய்யட்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். லாரிக்காரர் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைப் பாயில் கிடத்தினார்கள். அவர் விழிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். சாட்சியாக எடுத்து வைத்திருந்த சிவப்புத் துணியைப் பையிலிருந்து எடுத்து மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு வெளியே போனாள், லாரியில் ஏறினாள், ஸ்டியரிங்கில் பழையபடி இறுக்கிக் கட்டினாள். ஆயில் இன்னும் ஊற்றவில்லை.