ஒன்பதாம் அட்டியின் சூடு

ஜெய்ராம் வந்தபோது வத்சலா அப்போதுதான் அடுப்பில் பால் வைத்திருந்தார். தானியக் கிடங்குகளில் தரம் பார்க்கும் அதிகாரியாக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் வத்சலா. லேக் கார்டன்ஸ் தமிழர்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள். துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்த அவர் கணவர் பட்டாபிராமனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதில் பட்டாபிராமனுக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் ஆள் வந்தால் நோட்டும் பேனாவுமாக முதலில் உட்காருபவர் அவரே.

"பெஹாலாவுல ராகவேந்திரன் சாரோட அரிசி குடோன்ல இருபத்தாறு வருஷமா இருக்கேன், மாமி," என்றார் ஜெய்ராம். "தினம் காலையில அடுக்கி வச்ச மூட்டை அட்டி ஒவ்வொண்ணா மோந்து பார்த்து, எது கெடப் போறதுன்னு முன்கூட்டியே சொல்றதுதான் என் வேலை. இப்போ ஒன்பதாம் அட்டி, நானூறு மூட்டை கோபிந்தபோக் அரிசி, உள்ளுக்குள்ள சூடேறிப் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. அதுல செருகியிருந்த, சூட்டை அளக்கற சென்சார் பின்னால தரையில கிடந்தது. நான் பிடுங்கிப் போட்டுட்டேங்கறா. திங்கட்கிழமை என்னை அனுப்பிடுவா."

"நீங்க எதுக்குப் பிடுங்கணும்?" என்று கேட்டார் பட்டாபிராமன்.

"பொறாமையாம். சென்சார் வச்சது ஷியாமளாங்கற பொண்ணு. ஜாதவ்பூர்ல படிச்ச இன்ஜினியர்." ஜெய்ராம் குனிந்துகொண்டார். "பொறாமை எனக்கு இருக்கு, மாமி. ஆனா அரிசியைக் கெடுக்க மாட்டேன்."

போன் பேச பால்கனிக்குப் போன பட்டாபிராமன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தார். "வத்சலா, பால் தீயறது!"

சமையலறை வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த ஜெய்ராம் நிமிர்ந்து, "என்ன ஆச்சு?" என்றார். வத்சலா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார்.

மறுநாள் காலை மூவரும் பெஹாலா போனார்கள். கிடங்கின் கேட்டிலேயே ஒரு டிவி. ஒவ்வொரு அட்டியும் எத்தனை டிகிரி என்று அதில் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் அதன் கீழேதான் கையெழுத்துப் போட வேண்டும். ஷியாமளா கைப்பையிலிருந்து சாவி எடுத்துத் தன் அறையைத் திறந்தாள். அந்தக் கிடங்கிலேயே ஏசி உள்ள ஒரே அறை அதுதான்.

"மிஷினுக்கு ஏசி, மனுஷனுக்கு வேர்வை," என்று முணுமுணுத்தார் ஜெய்ராம்.

"மூணு வருஷமா மிஷின் இருக்கு, மாமி," என்றாள் ஷியாமளா, அவரைப் பார்க்காமல். "ஆனா சார் காலையில வந்ததும் கேக்கறது ஒண்ணுதான். ஜெய்ராம் மூக்கு என்ன சொல்றது?"

ஒன்பதாம் அட்டியின் ஆகஸ்ட் மாதக் கணக்கை அவள் அச்சடித்துக் கொடுத்தாள். பட்டாபிராமன் எட்டிப் பார்த்தார். முதல் மூன்று நாள் முப்பது டிகிரி, அசையாமல். நாலாம் தேதி முதல் காலை பத்துக்கு இருபத்துநாலு, மாலை ஆறுக்கு மேல் மறுபடி இருபத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இறக்கமே இல்லை. "எங்கேயும் சூடு ஏறலையே. அப்போ மிஷின்தான் பழுது," என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு," என்றார் வத்சலா. பிறகு ராகவேந்திரனை அழைத்து வரச் சொல்லி, எல்லோரையும் அந்த அறையிலேயே உட்கார வைத்தார்.

"மூட்டைக்கு நடுவுல இருக்கற சென்சாருக்குப் பகல், ராத்திரி தெரியாது. நாலாம் தேதியிலேர்ந்து இதுக்குத் தெரியறது. அதுவும் தலைகீழா. வெயில் ஏறும்போது இது குளிர்றது, ஆபீஸ் மூடினப்புறம் சூடேறறது, ஞாயித்துக்கிழமை குளிரவே இல்லை. அப்படிப்பட்ட இடம் இங்கே இந்த ஏசி ரூம் ஒண்ணுதான். சாவி யார் கிட்ட இருக்கு, ஷியாமளா?"

ஷியாமளா சாவியை மேசைமேல் வைத்தாள். "சென்சார் என் டிராயர்லதான் இருந்தது," என்றாள். "ஜெய்ராம் அண்ணா சொல்றதும் மிஷின் சொல்றதும் எப்பவும் ஒண்ணா இருக்கும். பேர் மட்டும் அவருக்கு. டிவியைப் பார்த்துட்டுத்தான் சொல்றார்னு சந்தேகம். ரெண்டு நாள் எடுத்து வச்சுப் பார்க்கலாம்னு நினைச்சேன். அவர் தினமும் ஒன்பது நன்னா இருக்குன்னு அடிச்சுச் சொன்னார். கடைசியில நானும் அந்த மூக்கை நம்பிட்டேன். கெட்டது தெரிஞ்சதும் பயந்துபோய்ப் பின்னால போட்டுட்டேன்."

"நீ போகலாம். திங்கட்கிழமை வர வேண்டாம்," என்றார் ராகவேந்திரன். "ஜெய்ராம், தப்பா நினைச்சுட்டேன். நீ இரு."

ஜெய்ராம் பிழைத்துவிட்டார். பட்டாபிராமன் நோட்டை மூடினார். வத்சலா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நானூறு மூட்டை நாள் கணக்குல நாறியிருக்கு. நேத்து எங்காத்துப் பால் தீஞ்ச வாடை பால்கனி வரைக்கும் போச்சு, பக்கத்துல இருந்த உங்களுக்குத் தெரியலை. மீதியை நான் சொல்லணுமா, ஜெய்ராம்?"

சொல்லாமல் இருந்தால் வேலை அவருடையது. ஜெய்ராம் வாசல் பக்கம் நின்றிருந்த ஷியாமளாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷின் வந்த மழைக்காலத்துலேயே எனக்குக் காய்ச்சல், சார்," என்றார் கடைசியில். "அதுலேர்ந்து எனக்கு ஒரு வாடையும் தெரியாது. கேட்டுல டிவியைப் பார்த்துக்கிட்டு, உள்ளே வந்து மோந்து பார்க்கற மாதிரி பார்த்துட்டு, அதையே சொல்லுவேன். அந்தப் பொண்ணு என்னைப் பிடிக்கத்தான் பார்த்தா. ஒன்பதைக் கெடவிட்டதுல பாதி நான்."

ராகவேந்திரன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். யாரை அனுப்புவது என்று அவருக்கே புரியவில்லை.

"அப்போ ஒவ்வொரு மாசமும் ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் நீங்க அவரைப் புகழ்ந்தது..." ஷியாமளா வாசலிலிருந்து திரும்பி வந்தாள். "அது அத்தனையும் என் வேலையைத்தானா, சார்? மூணு வருஷமா அதைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்குப் போய் அழுதிருக்கேனே."